எல்லாக் குளத்துக்கும் ஒரு பங்கு

என் வண்டியில் மாவு மூட்டை ஏறியிருக்கிறது, சோப்புப் பெட்டி ஏறியிருக்கிறது, ஒரு பக்ரீத் சமயத்தில் இரண்டு கிடாய்களும் ஏறியிருக்கின்றன. எதற்கும் நான் கவலைப்பட்டதில்லை. காராச்சர்மா பஸ் ஸ்டாப்பில் அந்த நர்ஸ் அக்கா கையைக் காட்டினால் மட்டும் இறங்கி பிஸ்கட் பெட்டிகளைத் தள்ளிவைப்பேன். பஸ் வந்து நின்றாலும் ஏற மாட்டார். என் வண்டி வரும் கிழமை அவருக்குத் தெரியும்.

எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டையில் எனக்கு மளிகை மொத்த வியாபாரம். மங்லுட்டான், குப்தாபாரா, ஃபெரார்கஞ்ச் பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் நானே வண்டி ஓட்டிக்கொண்டுபோய்ச் சரக்கு இறக்குவேன். அக்கா அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு அரசாங்க நர்ஸ். தடுப்பூசி போடுவது, பிரசவம் பார்ப்பது, கர்ப்பிணிகளைத் திட்டுவது எல்லாம் அவர் வேலை. மடியில் இரண்டு நீலப் பெட்டிகள் வைத்திருப்பார். இரண்டும் தடுப்பூசி மருந்து கொண்டுபோகிற, தோளில் மாட்டும் பட்டை வைத்த பெட்டிகள். ஒன்றில் மருந்தும் கட்டுத்துணியும் இருக்கும். மற்றது மூடி உடைந்து ஆபீஸில் கழித்துவிட்ட பெட்டி. அதில் மீன் இருக்கும்.

உயிர் மீன். குளத்து மீன். பள்ளத்தில் வண்டி இறங்கினால் தண்ணீர் தளும்பி என் பிஸ்கட் அட்டைப் பெட்டியை நனைக்கும். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால் பக்கத்தில் நிற்கிறவர் என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு ஓர் அடி தள்ளி நிற்பார். "கடல் சுத்தி இருக்கிற ஊர்ல வந்து குளத்து மீனத் தூக்கிட்டு அலையிறீங்களே அக்கா" என்று ஒரு நாள் எரிச்சலில் கேட்டேன்.

"கடலுக்கு நான் என்னத்த தம்பி கொடுக்க முடியும்? அது கிட்ட எல்லாம் இருக்கு" என்றார். 

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் யாருக்கும் அது தெரியவும் தெரியாது. எல்லாருக்கும் சிஸ்டர், வங்காளிகளுக்கு திதி, எனக்கு அக்கா. கறுத்த, குட்டையான, வேகமான உடம்பு. நடக்கும்போது செருப்புச் சத்தம் முதலில் வரும், பிறகு அதட்டல் வரும், அப்புறம்தான் ஆள் வருவார்.

அவருடைய குணத்தை ஒரே வார்த்தையில் சொல்வதென்றால் பங்கு. ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போவதை அவரால் பார்க்கவே முடியாது. ஒரு தடவை ஊசிக்குப் பயந்து ஒரு ராஞ்சிக்காரர் தன் மகனைப் பாக்குத் தோப்புக்குள் ஒளித்துவைத்துவிட்டு, "லட்கா கர் மே நஹீ ஹை" என்று சாதித்தார். பையன் வீட்டில் இல்லையாம். அக்கா வாசலில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டார். எனக்கோ ஃபெரார்கஞ்சில் சரக்கு இறக்க வேண்டும். "ஒரு பிள்ளைதானே அக்கா, அடுத்த மாசம் போட்டுக்கலாம்" என்றேன். "ஊரே போட்டுக்கிட்டிருக்கு. இவன் மட்டும் என்ன பாவம் பண்ணான்?" என்று என் மேல் பாய்ந்தார். வெயில் இறங்கியபோது பையன் பசி தாங்காமல் தானாக வெளியே வந்தான். ஊசியைப் போட்டுவிட்டு, அவன் அப்பாவிடமே ஒரு பாக்குக்குலை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்.

குளங்களிடமும் அவருக்கு இதே நியாயம்தான். எந்தக் குளத்தைக் கண்டாலும் "நிப்பாட்டு தம்பி, இது யாரு தாலாப்? உள்ள என்ன இருக்கு?" என்பார். அந்தப் பக்கம் வங்காளிக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒரு குளம் உண்டு. ஆனால் ஒரு குளத்தில் இருப்பது பக்கத்துக் குளத்தில் இருக்காது. மலையடிக் குளத்தில் ரோஹு கொழுத்துக் கிடக்கும். அதே ஓடைத் தண்ணீர் வருகிற கீழ்க் குளத்தில் விரால்தான் ராஜா, வேறு எதையும் வாழ விடாது. சௌல்தாரியில் தாமரை மூடிய ஒரு குளம் இருந்தது. அக்கா எதைக் கொண்டுபோய் விட்டாலும் அடுத்த முறை போகும்போது ஒன்றும் இருக்காது. அதன் கரையில் நின்று சோற்றை வாங்க மறுக்கிற பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுவார். "உனக்கு மட்டும் என்ன கேடு? எல்லாருக்கும் விட்ட அதே குஞ்சுதானே உனக்கும் விட்டேன்?"

போன வருஷம் நிறைந்திருந்த குளம் இந்த வருஷம் காலியாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எங்கே மிகுதியோ அங்கே அள்ளி, எங்கே குறைவோ அங்கே கொட்டுவார். முதல் மழை பெய்தால் சில மீன்கள் குளத்தை விட்டு ரோட்டில் ஏறி நடக்கும். பனையேறிக் கெண்டை என்று ஊரில் சொல்வோமே, அதுதான். அன்றைக்கு என் வண்டி நகராது. அக்கா புடவையைச் செருகிக்கொண்டு ரோட்டில் இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்குவார். இரண்டு பக்கத்துக் குளக்காரர்களும் ஓடி வந்து "மேரா மச்லி, மேரா மச்லி" என்று, தன் மீன்தான் எனச் சண்டை போடுவார்கள். அக்கா பாதிக்குப் பாதி பிரித்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் எறிவார். மீன் எந்தப் பக்கத்திலிருந்து தப்பித்து வந்தது என்று அதையும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்று நான் முணுமுணுத்தது அவர் காதில் விழாது.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். சிவகங்கைப் பக்கம் ஏதோ ஒரு கண்மாய்க் கரை ஊர் அவருடையது. கோடையில் கண்மாய் வற்றினால் ஊரே இறங்கி மீன் பிடிக்குமாம். "பலமுள்ளவன் பள்ளத்துல நிப்பான். எங்க அப்பாவுக்குக் கால் விளங்காது. நாங்க ஓரத்துல நிப்போம். வீட்டுக்குக் கொண்டுபோக சேறுதான் மிஞ்சும்." அதைச் சொல்லிவிட்டு உடனே, "பிரேக்க சரி பண்ணித் தொலையேன், கீச்சுக் கீச்சுங்குது" என்று பேச்சை மாற்றினார்.

சுனாமிக்குப் பிறகுதான் அவருடைய பெட்டிக்கு மரியாதை வந்தது. சிப்பிகாட் பக்கம் நிலமே தாழ்ந்துபோய், வயலில் கடல் வந்து உட்கார்ந்துகொண்டது. தாழ்ந்த குளங்களில் எல்லாம் உப்பு ஏறி ரோஹுவும் கட்லாவும் வயிறு வெளுத்து மிதந்தன. நாற்றத்தில் வண்டியின் கண்ணாடியை இறக்க முடியவில்லை. நிவாரண அரிசி வந்தது, கூடத் தின்ன ஒன்றும் இல்லை. அக்கா எங்கோ ஒரு உப்புச் சாக்கடையில் ஜிலேபிக் கெண்டை உயிரோடு நீந்துவதைக் கண்டுபிடித்தார். "உப்பக் குடிச்சிட்டும் உசிரோட இருக்கு பாரு தம்பி! இதுதான் நமக்கு ஆகும்" என்று குழந்தை போலக் குதித்தார். 

பெட்டி பெட்டியாக அள்ளி உப்புக் குளங்களில் எல்லாம் விட்டார். நானும் வண்டி ஓட்டினேன், டீசலுக்குக் கேட்கவில்லை. சில மாதங்களில் அந்தக் குளங்களில் தூண்டில் போட்ட வீடுகளில் எல்லாம் மீன் பொரிக்கிற வாசனை வந்தது. அந்தப் பெண்கள் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுததை நான் கண்ணால் பார்த்தேன். அதற்கப்புறம் என்ன செய்தாலும் அவரை யாரும் குறை சொல்லக் கூடாது என்று நினைப்பவன் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அந்த வெற்றிதான் அவரை ஏமாற்றியது. உப்பில் பிழைத்த மீன் நல்ல தண்ணீரில் இன்னும் நன்றாகப் பிழைக்கும்தானே என்று எல்லாக் குளத்துக்கும் அதில் ஒரு பங்கு கொடுக்க ஆரம்பித்தார். நல்லாவே பிழைத்தது. அதுதான் தொல்லை.

மங்லுட்டானில் ஒரு பௌதி இருந்தார். பௌதி என்றால் வங்காளியில் அண்ணி. எனக்கு அந்தக் கிராமத்தில் முதல் வாடிக்கையே அவர் வீட்டுக்காரரின் கடைதான். பௌதியின் ஒரே மகள் வயிற்றில் தலை திரும்பாமல் கிடந்தபோது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரோடு இல்லாத ஒரு அடைமழை நாளில், வீட்டிலேயே பிரசவம் பார்த்துத் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவர் அக்கா. பௌதியின் குளம் மலையடியில் இருந்தது, ஊற்றுத் தண்ணீர். சுனாமி அதன் பக்கமே வரவில்லை. அதில் வருஷா வருஷம் குஞ்சு வாங்கி விட்டு ரோஹு வளர்ப்பார். மகள் கல்யாணத்துக்குத் தன் குளத்து ரோஹுதான் போக வேண்டும் என்பது பௌதியின் ஆசை.

அவர்களுக்குள் ஒரு வழக்கம். கல்யாணத்துக்குப் பெரிய முழு ரோஹு ஒன்றுக்குக் குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, மணப்பெண் போல அலங்கரித்துத் தாம்பாளத்தில் சீரோடு சேர்த்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புவார்கள். கப்பலில் ஐஸ் போட்டு மெயின்லேண்டிலிருந்து வருகிற மீனை வாங்கியும் அனுப்பலாம், பலபேர் அப்படித்தான் செய்கிறார்கள். பௌதிக்கு அது அவமானம். "குளம் வெச்சிருக்கிற வீட்டுலேர்ந்து பெட்டி மீன் போகுமா?" என்பார்.

ஒரு கடும் கோடையில் அந்தக் குளமும் முழங்கால் அளவுக்கு வற்றி மீனெல்லாம் செத்துப்போயிற்று. மழை பிடித்ததும் பௌதி ரோஹுக் குஞ்சுக்குச் சொல்லிவைத்துக் காத்திருந்தார். அதற்குள் அக்கா பெட்டியோடு போய் நின்றார். கூட நானும் இருந்தேன்.

"திதி, வேணாம். ரோஹுக் குஞ்சு வருது" என்றார் பௌதி, இந்தியில்.

"வரட்டும். அது வர்ற வரைக்கும் தண்ணி சும்மாவா கெடக்கணும்? கொஞ்சம்தான்" என்று சொல்லிக்கொண்டே அக்கா பெட்டியைக் கவிழ்த்துவிட்டார். மகளை உயிரோடு கையில் கொடுத்தவளிடம் எத்தனை முறை வேண்டாம் என்று சொல்ல முடியும்? பௌதி உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார்.

அக்காவை வேண்டாம் என்று சொல்லி வாசலிலேயே நிறுத்தியவர் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். ஃபெரார்கஞ்ச் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர், ஊருக்கு அவர் ஃபௌஜி. குளத்தைச் சுற்றி முள்கம்பி, கம்பிக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு பூட்டு. அக்கா ஒவ்வொரு தடவையும் பெட்டியோடு போய்க் கேட்டைத் தட்டுவார். "எனக்கு யாரோட தானமும் வேண்டாம், போ!" என்று அவர் உள்ளேயிருந்தே கத்துவார். "கஞ்சன். மீனுக்குக் கூட வெளி மீன் மூஞ்சியக் காட்ட மாட்டேங்கிறான்" என்று திட்டிக்கொண்டே அக்கா வண்டியில் ஏறுவார். அன்றைக்கு முழுக்க அவர் முகம் தூக்கியே இருக்கும். 

சொல்லிவைத்த ரோஹுக் குஞ்சும் வந்து குளத்தில் இறங்கி, சில வருஷம் கழித்துப் பௌதியின் மகளுக்கு நீல் தீவில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்குச் சில வாரம் முன்பு, எந்த மீனை அனுப்பலாம் என்று பார்த்து வைத்துக்கொள்ளக் குளத்தில் வலை இழுத்தார்கள். அக்காவுக்கு அழைப்பு இருந்தது. சரக்கு இறக்க வந்த நானும் கரையில் நின்றேன்.

வலை கனமாக வந்தது. அக்கா கை தட்டினார். கரையில் கொட்டியபோது துள்ளியதெல்லாம் ஜிலேபி. கட்டைவிரல் நீளத்துக்கு, குவியல் குவியலாக. மறுபடி இழுத்தார்கள், அதே கதை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாற்போல் ஆகியிருந்தது. பெருகிப் பெருகி இருந்த இரையையெல்லாம் அவையே தின்று, தாங்களும் வளராமல், மற்றதையும் வளர விடாமல் குளத்தை நிறைத்திருந்தன. மூன்றாம் இழுப்பில் சில ரோஹு வந்தன. வயசுக்கு வந்த மீன்கள், ஆனால் தலை மட்டும் பெரிதாக, உடம்பு ஒட்டி, நோயில் கிடந்து எழுந்த பிள்ளைகள் போல இருந்தன.

பௌதி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டார். அக்காவின் பக்கம் திரும்பவேயில்லை. "வெயிலா இருக்கு, எல்லாரும் உள்ள வாங்க" என்றார். 

திரும்பி வரும் வழியில் எத்தனையோ குளங்களைத் தாண்டினோம். ஒன்றிலும் அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. காராச்சர்மாவில் இறங்கும்போது கேட்டார்: "தம்பி, நான் ஜிலேபி விடாத குளம் எது இருக்கு?"

இருவரும் யோசித்தோம். எனக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் தைரியம் வரவில்லை. அவரே சொன்னார்: "அந்தக் கஞ்சன் வீட்டுக்குப் போவணும்."

போனோம். ஃபௌஜி கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, மீன் பெட்டி எங்கே என்றார். கொண்டுவரவில்லை என்றார் அக்கா. மனுஷன் நம்பாமல் வெளியே வந்து என் வண்டியின் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கி, பருப்பு மூட்டைக்குப் பின்னால் எல்லாம் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் "போல்" என்றார், சொல்லு என்று.

"என் கையால ஒரு குளம் கெட்டுப்போச்சு பாயி சாப். நான் எடுத்த பொண்ணுக்குக் கல்யாணம். ஒரு பெரிய ரோஹு வேணும்" என்றார் அக்கா. அவருடைய இந்தி எப்போதும் சண்டைக்காரி இந்தி. அன்றைக்கு அது தணிந்து வந்தது.

நான் ஃபௌஜி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். "உன் மீன் கெட்டதுன்னு எனக்குத் தெரியாது. ஓசி வாங்கக் கூடாதுன்னுதான் விரட்டினேன்" என்றார். "ஓசி வாங்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன்."

பிறகு பேண்ட் காலைச் சுருட்டினார். கணுக்காலுக்கு மேல் ஆறாத புண். சர்க்கரைக்காரர். யாரிடமும் போய் நிற்கக் கூடாது என்று துணியைக் கட்டி மறைத்தே வைத்திருக்கிறார். அக்காவின் பழைய குரல் உடனே வந்துவிட்டது. "அறிவு இருக்கா உனக்கு? காலை எடுக்க விடப் போறியா?" என்று அங்கேயே அவரைக் கல்லில் உட்கார வைத்து, மருந்துப் பெட்டியைத் திறந்து கழுவிக் கட்டினார். அதற்கப்புறம் கல்யாணம் வரை, என் வண்டியில் வந்து வந்து கட்டு மாற்றினார். "இதுவும் ஓசிதான், கவர்மெண்ட் மருந்து" என்று சீண்டுவார். "மருந்து கவர்மெண்ட்டுது. கை உன்னுது" என்பார் ஃபௌஜி.

கல்யாணத்தன்று காலையில் ஃபௌஜி வலை இழுத்துக் கொடுத்த ரோஹுவை நான் இரண்டு கையாலும்தான் தூக்க முடிந்தது. செதில் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியது. மங்லுட்டான் வரை அக்கா அதை ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பௌதி சாக்கைப் பிரித்துப் பார்த்தார். எங்கிருந்து என்று கேட்கவில்லை. குங்குமம் எடுத்து வரப் போனார்.

மாப்பிள்ளையின் தாய்மாமா ஒரு பெரிய மனிதர். சீர்த் தட்டுகளையெல்லாம் சுற்றி வந்தவர், சிவப்புத் துணி சுற்றிய ரோஹுவின் முன்னால் நின்றுவிட்டார். "அரே வா! உங்க குளத்து மீனா?"

பந்தலில் எல்லார் காதிலும் அது விழுந்தது. ஓரமாக நின்ற அக்கா ஓர் அடி முன்னால் வந்தார். இல்லை, அந்தக் குளத்தைக் கெடுத்தவள் நான் என்று சொல்லத்தான் வந்தார், எனக்கு அவரைத் தெரியும். பௌதி முந்திக்கொண்டார்.

"ஆமா. எங்க திதி விட்ட மீன்."

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது குளக்கரையில் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எத்தனையோ பிள்ளைகளை அழவைத்தவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். "திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் தம்பி" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் பௌதியே தேடிக்கொண்டு வந்தார். பட்டுப் புடவையும் மஞ்சள் பூசிய கையுமாக, மாப்பிள்ளை வீட்டாரை விட்டுவிட்டு வந்து நின்றார். அக்கா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பௌதி, ஒண்ணு கேக்கணும். இந்தத் தாலாப மொத்தமா வத்த வெச்சு, காயப் போட்டு, புதுசா ஆரம்பிச்சாத்தான் சரியாகும். உனக்கு மாட்டுக்குத் தண்ணி கஷ்டமா இருக்கும். நான் பண்ணட்டுமா? வேணாம்னா வேணாம்."

பௌதி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கேக்கறியா?" என்றார். "நீயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்களைப் போலக் கையைப் பிசைந்துகொண்டு பதிலுக்காக நின்றார்.

பௌதி குளத்தைப் பார்த்தார். மேல் தண்ணீரில் ஜிலேபிக் குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. "பொண்ணு மறுவீட்டுக்கு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பண்ணு. மாட்டுக்கு நான் பக்கத்து வீட்டுல கேட்டுக்கறேன்" என்றார். அக்காவின் கையைப் பிடித்து, "இப்ப வா, இலை போட்டாச்சு" என்று பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார்.